பதினேழாம் எண் அட்டையும் ஏழாவது ஹிட்டும்

டன்மோர் மில்ஸ், ஓஹாயோ
அக்டோபர் 21, 1991

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் லைல் ஹாப்குட் அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற கணித ஆசிரியன் நார்பர்ட் ஸ்டால் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் என் மனைவி இர்மாவும் சௌக்கியம். உங்கள் வீட்டிலும், நம் 'பழைய அட்டை' மாத இதழின் முந்நூற்றுப் பன்னிரண்டு சந்தாதாரர்களின் வீடுகளிலும் எல்லோரும் உடல்நலத்தோடும் ஈரம் படாத அலமாரிகளோடும் இருக்கவேண்டும் என்று விரும்புகிறேன். உங்களை 'நீங்கள்' என்றே எழுதுவது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். 1963-இல் எட்டாம் வகுப்பில் ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து பின்னங்களைத் தலைகீழாக வகுத்துக்கொண்டிருந்த லைல் வேறு, இன்று ஒரு பத்திரிகையின் ஆசிரியர் வேறு என்பது எனக்குத் தெரியும். நடுவில் எங்காவது 'நீ' என்று விழுந்துவிட்டால் அது பேனாவின் பழக்கம், மரியாதைக் குறைவு இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். 1955-ஆம் ஆண்டு க்ரூன்வால்ட் சாசேஜ் பேஸ்பால் அட்டைகள் முப்பதும் என்னிடம் சேர்ந்துவிட்டன. மாநிலத்தில் இதுவரை ஒருவரும் முடிக்காத தொகுப்பு இது. நவம்பர் இதழில் 'முழுமை பெற்றவை' பக்கத்தில் என் பெயரைப் போடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நம் சங்கத்தின் ஒன்பதாம் விதி, கையால் எழுதப்பட்ட அட்டை எந்தத் தொகுப்பிலும் சேராது என்கிறது. என் பதினேழாம் எண் அட்டையின் பின்பக்கம் பேனாவால் எழுதியிருக்கிறது. எழுதியதில் ஒரு பகுதி என் கையெழுத்து. இதை ஒரு வரியில் விளக்கமுடியாது. முப்பத்துநான்கு வருஷம் வகுப்பில் நின்றவன் எதையும் ஒரு வரியில் விளக்கியதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

அந்தக் கோடையில் க்ரூன்வால்ட் கம்பெனி ஒவ்வொரு சாசேஜ் பொட்டலத்திலும் எங்கள் ஊர் அணியின் அட்டை ஒன்றை வைத்து விற்றது. எங்கள் அணிக்குப் பெயர் கோவேறு கழுதைகள். அந்தக் காலத்தில் எங்கள் கால்வாயில் படகு இழுத்த விலங்குகளின் நினைவாக வைத்த பெயர். ஆட்டத்தைப் பார்த்து வைத்தது இல்லை. கம்பெனிக்காரர்கள் அட்டைக்கும் இறைச்சிக்கும் நடுவில் ஒரு காகிதம் வைக்கலாம் என்று யோசிக்கவே இல்லை. ஆகவே இந்தத் தொகுப்பில் நல்ல நிலையில் உள்ள அட்டை என்றால், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மறுபக்கத்து எழுத்து தெரியாத அட்டை என்று பொருள். இன்றைக்கும் நான் ஆல்பத்தைத் திறந்தால் பக்கத்து வீட்டு நாய் ஜன்னலுக்கு அடியில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. நம் சந்தாதாரர்கள் பலர் அட்டையின் நான்கு மூலைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். நான் பின்பக்கத்தைப் படிக்கிறேன். அங்கேதான் மனிதன் இருக்கிறான். உதாரணத்துக்கு நான்காம் எண், பந்து வீசுகிற வெர்ன் டிட்மர். 'தன் வீச்சில் கட்டுப்பாட்டை வளர்த்துவருகிறார்' என்று அட்டை சொல்கிறது. ஓய்வு பெறும்வரை வளர்த்துக்கொண்டேதான் இருந்தார். ஒருமுறை எதிரணிக்காரர்கள் அவர் பந்துக்கு முன்னால் வந்து நிற்கவே மறுத்ததால் ஜெயித்தார். பிற்பாடு தபால்காரர் ஆனார். ஏழு வருஷம் எங்கள் கடிதங்கள் எல்லாம் எதிர்வீட்டில் விழுந்தன. பதினோராம் எண் ரே பெனடிக் பெரிய அணி ஒன்றுக்குப் போய் இரண்டே நாள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பியவர். அதன்பிறகு முப்பது வருஷம் அவருடைய எல்லா வாக்கியமும் "நான் மேல இருந்தப்ப" என்றுதான் தொடங்கும். அவருடைய அடக்கத்தின்போது பாதிரியார் "ரே இப்போது மேலே இருக்கிறார்" என்றதும் கூட்டம் முழுக்க இருமியது. இருபத்துமூன்றாம் எண் இடதுகைக்காரர். அச்சகத்தில் படத்தைத் திருப்பிப் போட்டு வலதுகைக்காரர் ஆக்கிவிட்டார்கள். பாவம், நல்ல மனிதர். அட்டையைப் பொய்யாக்க வேண்டாம் என்று கடைசிவரை வலது கையாலேயே கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்து யாருக்கும் புரியாது. நான் சதவீதம் நடத்தியது இந்தப் பின்பக்கங்களை வைத்துத்தான் என்பது உனக்கு, மன்னிக்கவும், உங்களுக்கு நினைவிருக்கும்.

என்னிடம் இல்லாமல் இருந்தது பதினேழாம் எண் ஒன்றுதான். டெல்மர் கோவாச், பேட்காரருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கிற கேட்சர். அதுவரையுள்ள கணக்கோடு அவர் அட்டை அச்சேறத் தொடங்கியதுமே, ஆகஸ்ட் நடுவில் அவரை அணியிலிருந்து அனுப்பிவிட்டதால், அச்சடிப்பதை நிறுத்திவிட்டார்கள். பதினொரு வருஷம் தேடினேன். சர்ச் விற்பனைகள், பழைய சாமான் சந்தைகள், காலமானவர்களின் பரண்கள். துக்க வீட்டில் விதவையின் கையைப் பிடித்தபடி "அவர் சின்ன வயசுல சாசேஜ் சாப்பிடுவாரா?" என்று நான் கேட்டதிலிருந்து இர்மா என்னைத் துக்கத்துக்கு அழைத்துப் போவதில்லை. ஒருமுறை ஒரு வீட்டில் பழைய குளிர்பெட்டி ஆடாமல் இருக்க அதன் காலுக்கடியில் ஒரு அட்டையை மடித்துச் செருகியிருந்தார்கள். க்ரூன்வால்ட் அட்டையின் அந்த மஞ்சள் எனக்குத் தெரியும். கேட்டால் விஷயம் வெளியே தெரிந்துவிடுமே என்று குளிர்பெட்டியையே வாங்கி வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து தூக்கிப் பார்த்தேன். பல் டாக்டரைப் பார்க்க 1961 மார்ச் மாதம் வரச்சொல்லி நினைவூட்டும் அட்டை. குளிர்பெட்டி இன்னும் எங்கள் கார் கொட்டகையில்தான் நிற்கிறது. வேலை செய்யாது.

இப்படி இருக்கும்போது செப்டம்பர் கடைசியில் எங்கள் சுடுநீர் ஹீட்டர் பழுதாயிற்று. வழக்கமான குழாய்க்காரர் ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிருந்ததால், நாற்பது மைலுக்கு அப்பாலிருந்து ஒருவர் வந்தார். வாசற்கதவை அடைக்கிற உடம்பு. சட்டைப் பையில் 'டெல்மர்' என்று தைத்திருந்தது. வண்டியில் 'கோவாச் குழாய் வேலை' என்று எழுதியிருந்தது. நான் அவர் சட்டையையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"என்ன சார் பாக்குறீங்க? ஹீட்டர் உள்ள இருக்கு, என் சட்டையில இல்ல" என்றார். ஹீட்டரைக் கழற்றிப் பத்துப் பதினைந்து பாகங்களைத் தரையில் பரப்பி, நான்கு திருகாணிகளைப் பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

"டெல்மர் கோவாச்! பதினேழாம் நம்பர்! பத்தொம்பது ஆட்டம், நாப்பத்திரண்டு தடவ பேட் புடிச்சு ஆறு ஹிட்டு, சராசரி புள்ளி ஒண்ணு நாலு மூணு! டீம்லயே ரொம்ப வேகமா சாப்புடுறவரு!"

யாராக இருந்தாலும் உச்சி குளிர்ந்திருக்கும். அவர் திருகுசாவியை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"ஏழு."

"என்ன ஏழு?"

"ஹிட்டு ஏழு. ஆறு இல்ல. சாப்பாட்டு விஷயம் சரி, அதுல எனக்கு வருத்தமில்ல. ஆனா ஹிட்டு ஏழு. ஆகஸ்ட் மாசம் ஷார்ட்ஸ்டாப் பக்கமா ஒண்ணு அடிச்சேன் பாருங்க, போன வழியில புல்லு கருகிப்போச்சு. அங்க நின்னு தடுத்த பய கையில பட்டு எகிறிடுச்சு. நான் முதல் பேஸ்ல போயி ஜம்முன்னு நிக்கறேன். மேல கூண்டுல ஒரு முட்டாப்பய ஸ்கோர் எழுதிக்கிட்டு இருந்தான். ஷார்ட்ஸ்டாப் தப்பு, அடிச்சவனுக்கு ஒண்ணும் கிடையாதுன்னு எழுதிட்டான். நாலே நாள்ல என்ன மூட்டை கட்டச் சொல்லிட்டாங்க. முப்பத்தாறு வருஷமா அவனத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்."

புத்தியுள்ளவன் செய்வதையே நானும் செய்தேன். காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். அப்போது சமையலறையிலிருந்து இர்மாவின் குரல் வந்தது: "ஏங்க, அந்த வருஷம் கூண்டுல உக்காந்து ஸ்கோர் எழுதினது நீங்கதானே?"

லைல், முப்பத்தொன்பது வருஷத் தாம்பத்தியத்தில் நான் பார்த்த ஒரு வேலையை இர்மா பெருமையாக மூன்றாம் மனிதரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

டெல்மர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீதானா அது?" என்று கேட்டுவிட்டுத் தன் சாமான்களை எல்லாம் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போய்விட்டார். நான்கு திருகாணிகளும் அவர் பையிலேயே போய்விட்டன.

ஸ்கோர் எழுதுவது கோடை விடுமுறையில் வாத்தியார்களுக்குக் கிடைத்த சின்ன வேலைதான் என்றாலும், அதில் ஒரு நீதிபதியின் பொறுப்பு உண்டு. உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் ஒரு உதாரணம் சொல்கிறேன். பரீட்சையில் கேள்வி கடினம், பையன் தவறவிட்டான் என்றால், அது கேள்வி போட்டவரின் சாமர்த்தியம். கேள்வி சுலபம், அப்படியும் பையன் தவறவிட்டான் என்றால், அது பையனின் பிழை. பந்தும் அப்படித்தான். பிடிக்க முடியாத பந்தாக இருந்தால் அடித்தவனுக்கு ஹிட். பிடித்திருக்க வேண்டிய பந்து என்றால் தடுத்தவனின் பிழை. அடித்தவன் பேஸில் நின்றாலும் அவன் கணக்கில் ஒன்றும் ஏறாது. எது எது என்று சொல்வது கூண்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவன்தான். அவனுக்கு மேல் அப்பீல் கிடையாது. நான் பள்ளியிலும் அப்படித்தான் இருந்தேன். ஒருமுறை போட்ட மதிப்பெண்ணை ஒருநாளும் மாற்றியதில்லை. உன் அம்மா ஆப்பிள் பை சுட்டு எடுத்துக்கொண்டு வந்தபோதுகூட மாற்றவில்லை. பலகாரத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் விலாசம் விசாரித்துக்கொண்டு டெல்மரின் பட்டறைக்குப் போனேன். அவருடைய வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். ஸ்டீயரிங்குக்கு மேலே, வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில், பதினேழாம் எண் அட்டை! எண்ணெய்க் கறை ஒன்றே ஒன்று, அதுவும் ஓரத்தில். படத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"போட்டோக்காரன் பளிச்சுன்னு லைட்டப் போட்டான், எனக்குத் தும்மல் வந்துடுச்சு" என்று பின்னாலிருந்து டெல்மரின் குரல் கேட்டது. "என்ன வாத்தியாரே, வேணுமா?"

"உங்களுக்கு வேண்டாமா?"

"எதுக்கு? தினமும் ஏறி உக்காந்தா ஆறு, ஆறுன்னு அதுதான் மூஞ்சியில அடிக்குது. எடுத்துக்கோங்க. ஹீட்டரையும் மாட்டித் தரேன். ஆனா ஏழுன்னு எழுதிக் குடுத்துட்டு எடுத்துக்கோங்க."

"அப்படியெல்லாம் மாத்த முடியாதுங்க. நான் பாத்தது பாத்ததுதான்."

"அப்ப நீங்க பச்சத்தண்ணியில குளிச்சது குளிச்சதுதான்."

வீட்டுக்கு வந்து இர்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பில் மூன்று பானைத் தண்ணீரை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு ஹிட்டுங்க. என்ன, உங்க வீட்டுச் சொத்தா? குடுத்தாத்தான் என்ன?"

"இர்மா, முப்பத்துநாலு வருஷத்துல நான் ஒரு பையனுக்குக்கூட மார்க்க மாத்தினதில்ல."

"அதனாலதான் கிறிஸ்துமஸுக்கு நம்ம வீட்டுக்கு ஒரு வாழ்த்து அட்டைகூட வர்றதில்ல. சாசேஜ் அட்டைதான் வருது."

அதிலிருந்து அவள் குளிக்கத் தங்கை வீட்டுக்குப் போகத் தொடங்கினாள். முதலில் காலையில் போய் மதியம் வந்தாள். இரண்டாம் வாரம் காலையில் போய்ச் சாயங்காலம் வந்தாள். நான் தனியாக உட்கார்ந்து ஆல்பத்தைத் திறந்து பதினேழாம் எண்ணின் காலியிடத்தைப் பார்ப்பேன். பிறகு பானையைப் பார்ப்பேன். எனக்கு வேண்டியது அந்த அட்டைதான் என்று நினைத்திருந்தேன். ஆனால் உட்கார்ந்து யோசிக்க யோசிக்க வேறொன்று உறுத்தியது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் சொன்னால் இரகசியமாக இருக்கும் என்று நம்பிச் சொல்கிறேன். அந்தப் பந்தை நான் பார்க்கவில்லை, லைல். பார்த்திருப்பேன், சட்டையில் கடுகுச் சாறு சொட்டாமல் இருந்திருந்தால். கையில் ஒரு சாசேஜ் ரொட்டி. சொட்டியதைத் துடைக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது ஷார்ட்ஸ்டாப் தன் கையுறையைத் திட்டிக்கொண்டிருந்தான், கூட்டம் அவனைத் திட்டிக்கொண்டிருந்தது. கூட்டம் திட்டுகிறதே, பிழையாகத்தான் இருக்கும் என்று எழுதிவிட்டேன். பக்கத்துப் பையனின் தாளைப் பார்த்து விடை எழுதினால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். வெளியே நிற்கவைப்பேன். முப்பத்தாறு வருஷமாக நான் வெளியேதான் நின்றிருக்கவேண்டும்.

மூன்றாம் வாரம் மறுபடி பட்டறைக்குப் போனேன். கடுகு விஷயத்தைச் சொல்லவில்லை, தைரியம் வரவில்லை. "நிரூபிங்க. மறுபடி அதே மாதிரி அடிங்க. நான் ஷார்ட்ஸ்டாப்பா நிக்கறேன். புடிச்சா பிழை, விட்டா ஹிட்டு" என்றேன்.

டெல்மர் சிரித்த சிரிப்பில் பட்டறைத் தகரம் அதிர்ந்தது. "வாத்தியாரே, உங்க வயசென்ன?"

"அறுபத்தாறு."

"எனக்கு அறுபத்துநாலு. இன்ஷூரன்ஸ் இருக்கா?"

பழைய மைதானம் இப்போது பௌலிங் கூடத்தின் வண்டி நிறுத்துமிடம். காலையில் பூட்டியிருக்கும். போன வியாழக்கிழமை காலை நாங்கள் மூவரும் அங்கே கூடினோம். இர்மா பந்து வீசினாள். அவள் வீசுவாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். முப்பத்தொன்பது வருஷமாக வீட்டில் அந்தத் தேவை எழவில்லை போலும். நான் சாக்கட்டியால் கோடு போட்டு, தூரத்தை அடி அளந்து, கோணத்தைக் கணக்கிட்டு, 'ஷார்ட்ஸ்டாப்' என்று தரையில் எழுதி அதன்மேல் நின்றேன்.

"தயாரா, வாத்தியாரே?"

"ஒரு நிமிஷம், இது தார் போட்ட தரை, புல்லா இருந்தா வேகம் எவ்வளவு குறையும்னு—"

அவர் அடித்துவிட்டார். லைல், அந்தப் பந்தை நான் பார்த்தேன். இந்தமுறை பார்த்தேன். அது தரையில் ஒருமுறை பட்டு என் சாக்கட்டி எழுத்துக்கு முன்னால் எழும்பி, நான் நீட்டிய கையுறையின் நுனியைத் தொட்டு, அங்கிருந்து என் மூக்கில் பட்டு, ஒரு விளக்குக் கம்பத்தில் மோதித் திரும்பி வந்து என் முழங்காலிலும் பட்டது. நான் உட்கார்ந்துவிட்டேன். டெல்மர் கற்பனையான முதல் பேஸை நோக்கி ஓடினார். ஓடினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவர் போய்ச் சேருவதற்குள் இர்மா பந்தை எடுத்து, கைக்குட்டையை எடுத்து, என் மூக்கைத் துடைத்து முடித்துவிட்டாள்.

"ஹிட்டா, பிழையா?" என்று மூச்சு வாங்கக் கத்தினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இர்மா சொன்னாள்: "யோவ், அவர் மூக்கப் பாத்தா தெரியல? ஹிட்டு!"

அறுபத்தாறு வயது கணக்கு வாத்தியார் ஒருவர் ஒரு பந்தைத் தவறவிட்டதால், இருபத்திரண்டு வயது ஷார்ட்ஸ்டாப்பும் அதைத் தவறவிட்டிருப்பான் என்று நிரூபணமாகாது. இதை வகுப்பில் எந்தப் பையன் எழுதியிருந்தாலும் அடித்திருப்பேன். (விடையைத்தான்.) ஆனாலும் தரையில் உட்கார்ந்து மேலே பார்த்தபோது எனக்கு நிச்சயமாகத் தோன்றியது: அந்தப் பந்து வந்திருந்தால் இப்படித்தான் வந்திருக்கும். கடுகு விஷயத்தையும் அப்போதே சொல்லிவிட்டேன். டெல்மர் முதல் பேஸிலிருந்து நடந்து வந்தார். பிறகு என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"சாசேஜா?"

"ஆமா."

"அதுல என் அட்டை இருந்துச்சா?"

"இல்ல. வெர்ன் டிட்மர்."

"அவன் போடுற பந்து எங்க போகும்னு அவனுக்கே தெரியாது" என்றார் டெல்மர், அதுதான் முழு விளக்கமும் என்பதுபோல.

வண்டியிலிருந்து அட்டையை எடுத்துவந்தார். நான் இரண்டு கையையும் நீட்டினேன். எனக்குக் கண் கலங்கியிருந்தது, மூக்கினால் மட்டுமல்ல. அவர் அட்டையைத் தருவதற்குப் பதில், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அட்டையை முழங்காலில் வைத்து, பின்பக்கத்தில் 6-ஐ அடித்து 7 என்றும், .143-ஐ அடித்து .167 என்றும் எழுதினார். அழுத்தி எழுதினார். நான் கத்தினேன். எழுபது வயதுக்காரர் ஒருவர் பேருந்திலிருந்து எங்களைப் பார்த்துக் கையசைத்தார். "கத்தாதீங்க. நான் எழுதினா எவன் நம்புவான்? ஸ்கோரர் கையெழுத்து வேணும்ல" என்று பேனாவை என்னிடம் நீட்டினார். பதினொரு வருஷம் தேடிய அட்டை. மிஞ்சியிருக்கும் கடைசிப் பதினேழாம் எண் அட்டையாகக்கூட இருக்கலாம். நான் என் கையாலேயே அதில் 'நா. ஸ்டால், அதிகாரபூர்வ ஸ்கோரர்' என்று கையெழுத்திட்டுத் தேதியும் போட்டேன். வாத்தியார் பழக்கத்தில் கீழே ஒரு கோடும் இழுத்துவிட்டேன். அன்று மதியமே நான்கு திருகாணிகளும் திரும்பி வந்தன. அன்று இர்மா தன் தங்கை வீட்டுக்குப் போகவில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களே, ஒன்பதாம் விதியைப் பற்றி என் வாதம் இதுதான். அட்டையில் கிறுக்கல் என்பது வேறு, திருத்தம் என்பது வேறு. விடைத்தாளில் பையன் எழுதினால் கிறுக்கல், ஆசிரியர் சிவப்பு மையில் எழுதினால் மதிப்பெண். இது சிவப்பு மை இல்லை என்பது உண்மை. டெல்மரிடம் நீலம்தான் இருந்தது. இருந்தாலும் உலகத்தில் உள்ள பதினேழாம் எண் அட்டைகளிலேயே சரியான விவரம் உள்ள ஒரே அட்டை என்னுடையதுதான். மற்றவை எல்லாம் தவறானவை. தவறானவற்றைத் தொகுப்பில் சேர்ப்பீர்கள், சரியானதைத் தள்ளிவிடுவீர்களா? நவம்பர் இதழில் என் பெயரையும், அதற்குக் கீழே 'டெல்மர் கோவாச், 1955, ஹிட் ஏழு' என்ற திருத்தத்தையும் போடுங்கள். அச்சில் பார்க்கவேண்டும் என்று டெல்மர் ஆசைப்படுகிறார். சந்தா கட்டவும் சம்மதித்துவிட்டார்.

இர்மா உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். உங்கள் அம்மாவுக்கு என் நமஸ்காரங்கள்; அந்த ஆப்பிள் பை நன்றாக இருந்தது என்று இருபத்தெட்டு வருஷம் தாமதமாகத் தெரிவிக்கவும். உங்கள் குழந்தைகள் பின்னத்தை நேராக வகுத்து, நோய்நொடி இல்லாமல், நீண்ட காலம் அட்டை சேர்த்து வாழ என் ஆசிகள்.

உண்மையுள்ள,
நார்பர்ட் ஸ்டால்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். இன்று காலை இர்மா குளிக்கப் போகும்போது, துண்டு வைக்கிற அலமாரித் தட்டில் போட்டிருந்த பழைய தாளை எடுத்துவந்து "உங்க கையெழுத்து மாதிரி இருக்கே" என்று கொடுத்தாள். 1955 ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி ஸ்கோர் தாள். கடுகுக் கறைகூட இருக்கிறது. நான்காவது இன்னிங்ஸ், கோவாச், ஷார்ட்ஸ்டாப் பிழை. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஓரத்தில் என் கையெழுத்தில் இரண்டே சொற்கள்: 'மழை. ரத்து.' ஐந்து இன்னிங்ஸ் முடியாத ஆட்டம் ஆட்டமே இல்லை. அதில் நடந்தது எதுவும் எந்தக் கணக்கிலும் சேராது. கணக்கில் சேர்ந்த ஆட்டங்களின் தாள்களை எல்லாம் அந்த வருஷமே லீக் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன்; இது சேராததால் வீட்டிலேயே தங்கியிருக்கிறது. ஆகவே அது ஹிட்டும் இல்லை, பிழையும் இல்லை, லைல். அப்படி ஒரு பந்தே கிடையாது. ஆறுதான் சரி. அட்டை தொடக்கத்திலிருந்தே சரியாக இருந்தது. அதில் தவறாக இருப்பது என் கையெழுத்து மட்டும்தான்.

சொல்லிவிடலாம் என்று டெல்மருக்குப் போன் செய்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார். வண்டியில் 'கோவாச் குழாய் வேலை' என்பதற்குக் கீழே '.167' என்று பெயின்ட் அடித்துவிட்டாராம். "ஜனங்க என்ன நம்பர் இதுன்னு கேக்கறாங்க வாத்தியாரே, ஒவ்வொருத்தனுக்கும் நின்னு சொல்றேன், வேலையே ஓடல" என்றார். நான் "பெயின்ட் நல்லா காயட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

எனவே மேலே உள்ள கடிதத்தை அப்படியே போடு, இந்தப் பின்குறிப்பைக் கிழித்துவிடு. ரத்தான ஆட்டத்தின் ஹிட்டைச் சேர்ப்பதென்றால் அந்த ஒரு தடவையையும் சேர்த்து நாற்பத்துமூன்றால் வகுக்கவேண்டும், அப்படியானால் .163 தான் வரும் என்று பழைய செய்தித்தாளைத் தோண்டிப் பார்த்து யாராவது கெட்டிக்காரச் சந்தாதாரர் எழுதினால், அவருக்குப் பதில் போடாதே. நான் போட்ட விடை தவறு என்று எனக்குத் தெரியும். முப்பத்துநான்கு வருஷத்தில் ஒரு பையனுக்கும் போடாத கருணை மதிப்பெண்ணை, பள்ளியை விட்டு வந்தபிறகு, அறுபத்துநாலு வயதுப் பையன் ஒருவனுக்குப் போட்டிருக்கிறேன்.